லயத்து வாய்க்கு ஒரு கடிவாளம்

இலங்கையில், கண்டிப் பக்கத்து மடுல்கெல்லைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயம் ஒன்றில் வெட்டுக் கொலை நடந்ததாக வைத்துக்கொள்வோம். கவ்வாத்துக் கத்தியோடு பிடிபட்டவனுக்கு லயமே தீர்ப்புச் சொல்லிவிடும்: “போன வருசமும் ஒருத்தனை வெட்டினவன்தானே, நாய் வாலை நிமிர்த்த முடியுமா?” இந்த வாய்க்குக் கடிவாளம் போட ஒரு வரி கடல் கடந்து வந்திருக்கிறது.

அது இந்தியாவில் 1872இல் பிறந்தது. சான்றுச் சட்டத்தை எழுதிய ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், 14ஆம் பிரிவில் ஒரு குட்டிக்கதை வைத்தார். ஒருவன் இன்னொருவனைச் சுட்டுக் கொன்றதாக வழக்கு. முன்பும் அதே ஆளைச் சுட்டிருந்தால் அது சான்று. கண்டவர்களையும் கொல்லப் பார்த்துச் சுடுகிற பழக்கக்காரன் என்பது சான்றல்ல.

1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் அந்த அச்சிலேயே வார்க்கப்பட்டது. வரி இலங்கைக்குக் குடிவந்தது. அதற்குச் சற்று முன்னர்தான் சிட்னியில் மேக்கின் தம்பதி வழக்கு. வளர்ப்பதாகப் பணம் பெற்று வாங்கிய சிசுக்களின் உடல்கள், அவர்கள் குடியிருந்த வீடுகளின் முற்றங்களில் கிடைத்தன. குடியேற்ற நாடுகளின் கடைசி மேன்முறையீடு போய்ச் சேரும் லண்டன் பிரிவி கவுன்சில் கோடு கிழித்தது: ‘இவன் இப்படிப்பட்டவன், ஆகவே செய்திருப்பான்’ என்று காட்டப் பழைய குற்றம் உதவாது, தற்செயல் என்ற வாதத்தை முறிக்க உதவலாம்.

கண்டி நீதிமன்றத்தில் வரியின் கடைசிப் பயணம் மிகக் குறுகியது: நீதிபதியின் வாயிலிருந்து ஏழு ஜூரிகளின் காதுவரை. விபத்து நேர்வது அங்கேதான். ‘பழைய வெட்டையும் கவனியுங்கள்’ என்று சொல்லி, எதற்காகக் கவனிப்பது, எதற்காகக் கூடாது என்று பிரிக்காமல் விட்டால், சட்டப் புத்தகத்தில் வரி பத்திரமாக இருக்கும்; ஜூரிகள் அறைக்குள் லயத்துப் பேச்சே போகும். ஏழில் ஐவர் ஒத்தாலே தீர்ப்பு.

இத்தகைய பிழையான வழிகாட்டலைக் கேள்வி கேட்க, 1938ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் தனிக் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றை அப்போது தந்திருந்தது. ஆனாலும் பிழை இருந்தால் மட்டும் போதாது. அதனால் நீதி உண்மையிலேயே கெட்டிருக்க வேண்டும்.

இந்தியாவில் ஜூரி முறை போயிற்று. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டமும் போய், வரி புதிய சட்டத்துக்குள் இடம் மாறிற்று. இலங்கையில் அது பழைய எண்ணிலேயே இருக்கிறது. பாரதூரமான சில வழக்குகளில் ஜூரி கேட்கும் உரிமையும் எதிரிக்கு இருக்கிறது, கேட்பவர்தான் குறைவு.

அப்படியொரு வழக்கு மடுல்கெல்லையிலிருந்து கண்டிக்குப் போனால், ஜூரிகள் கேட்க வேண்டியது ‘முன்பும் வெட்டினானா?’ என்பதல்ல. ‘முன்பு யாரை வெட்டினான்?’