ரெண்டு வெள்ளையும் ஒரு கறுப்பு மணலும்

புனே வீட்டு ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்கணும். ஷேட் கார்டில் கழித்துக் கட்டியது போக மிச்சம் ரெண்டே கட்டம். ஒன்று லேசா மஞ்சளடித்த வெள்ளை, இன்னொன்று லேசா சாம்பலடித்த வெள்ளை. தங்கமணி ஓட்டு மஞ்சளுக்கு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் :)

ஆனால் இந்த வெள்ளைக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கு மக்களே.

தாத்தா காலத்து வெள்ளை சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, வடிகட்டி, கொஞ்சம் நீலம் கலந்து அடிப்பார்கள். சுண்ணாம்பின் பழுப்பை நீலம் மறைத்து, சுவர் பளிச்சென்று இருக்கும். அன்று மஞ்சளை விரட்ட நீலம் போட்டோம். இன்று காசு கொடுத்து மஞ்சளைச் சேர்க்கிறோம்!

ஐரோப்பியர்கள் அடித்தது ஈய வெள்ளை. சுவரை நன்றாக மூடும், ஆனால் விஷம். கட்டடங்களின் உட்புறத்தில் அதைத் தடுக்க 1921-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் ஒப்பந்தமே கொண்டுவந்தது.

மாற்றாக வந்தது டைட்டானியம் டை ஆக்சைடு. 1916 வாக்கில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் ஆலைகளில் தயாரிக்கத் தொடங்கினார்கள். அதன் மூலப்பொருட்களில் முக்கியமானது இல்மனைட், அதாவது கறுப்பு மணல். அது எங்கே கிடைக்கும்? நம்ம மணவாளக்குறிச்சிக் கடற்கரையில்! 1909-ல் ஜெர்மன் வேதியியலாளர் ஷோம்பர்க் மோனசைட்டைக் கண்டறிந்ததும் அதே மணலில்தான். அன்று அது திருவிதாங்கூர். 1956-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1920-களிலேயே அந்தக் கரையின் இல்மனைட் வெளிநாடுகளுக்குக் கப்பலேறியது. 1946-ல் திருவனந்தபுரத்திலேயே இதற்கென ஒரு கம்பெனி தொடங்கினார்கள்.

ஆக, எங்கள் ரெண்டு வெள்ளைக்கும் அடிப்படை ஒன்றே. கடை மெஷின் விடும் சில சொட்டு மஞ்சளும் கறுப்பும்தான் வித்தியாசம்.

நிஜமான வித்தியாசம் அடியில் இருக்கிற பழைய பெயிண்டில். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற இந்திய விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் அமலானது. எங்கள் ஃப்ளாட்டோ 1990-களில் கட்டியது. கதவு, ஜன்னலில் அந்தக் காலத்து எனாமல் அப்படியே இருக்கு. அதை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், ஈயம் இருந்தால் அது தூசியாகப் பறக்கும். வீட்டில் ரெண்டு வயசுப் பெண் தவழாத குறையாகத் தரையைத் துழாவிக்கொண்டிருக்கிறாள்.

அதனால் பெயிண்டரிடம் கண்டிப்பாகச் சொல்லியாச்சு: நனைத்துத்தான் தேய்க்கணும், ஈரத்துணியால் துடைக்கணும். வேலை முடியும் வரை பாப்பாவுக்கு நண்பர் வீட்டில் ஜாகை.

கலரா? தங்கமணி சொன்ன மஞ்சளே. அதில் விவாதிக்க எனக்கென்ன பைத்தியமா?