ஒரு டாலர் வாடகைத் தோட்டங்கள்

இந்த எபிசோடில் நாம போகப் போற ஊர் நியூயார்க். ஆனால் வால் ஸ்ட்ரீட், டைம்ஸ் ஸ்கொயர் பக்கம் எல்லாம் போகப் போவதில்லை. தக்காளிச் செடி, கம்போஸ்ட் குழி, பூட்டின கேட், அந்தப் பூட்டுக்கு யாரிடம் சாவி இருக்கிறது, இதுதான் இன்றைய கதை.

அந்த நகரத்தில் இன்றைக்கு 550-க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன. சனிக்கிழமை காலையில் உரம் தயாரிக்கும் வகுப்பு. மதியம் தோட்டம் தோட்டமாகச் சுற்றிக் காட்டும் நடை. ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்து ஆட்கள் சேர்ந்து களை பறிப்பது. கேட்டவுடனே, "ஓ, வீக்எண்ட் ஹாபியா?" என்றுதான் தோன்றும். ஆனால் இந்த வகுப்பும் நடையும் தன்னார்வ வேலையும் இல்லாமல் போயிருந்தால், அந்தத் தோட்டங்களில் பல எப்போதோ கான்கிரீட் ஆகியிருக்கும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு 1970-களுக்குப் போக வேண்டும்.

1970-இல் நியூயார்க்கின் மக்கள்தொகை சுமார் 79 லட்சம். 1980-இல் சுமார் 71 லட்சம். பத்தே வருஷத்தில் எட்டு லட்சம் பேர் குறைந்துவிட்டார்கள். வேலை போனது, வசதி இருந்தவர்கள் புறநகருக்குப் போனார்கள். ஏழைகள் இருந்த பகுதிகளில் பல வீட்டு உரிமையாளர்கள் வரி கட்டாமல் கட்டடத்தை அப்படியே கைவிட்டார்கள். இன்சூரன்ஸ் பணத்துக்காகக் கொளுத்திவிட்டவர்களும் உண்டு. கைவிட்ட மனைகள் நகராட்சியின் கைக்கு வந்தன. ஆனால் 1975-இல் நகராட்சியே திவாலின் விளிம்பில் நின்றது. இடிந்த செங்கல், பழைய டயர், ஊசி, எலி. லோயர் ஈஸ்ட் சைடிலும் தெற்கு பிராங்க்ஸிலும் தெருவுக்குத் தெரு இப்படி மனைகள்.

1973-இல் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியர் தன் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 'கிரீன் கெரில்லாஸ்' என்று ஒரு குழுவை ஆரம்பித்தார். பேரே சொல்லுது, அனுமதி எல்லாம் கேட்கவில்லை. வேலி போட்ட காலி மனைகளுக்குள் விதைப்பந்துகளை வீசினார்கள். நம்ம ஊரில் இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் உருட்டுகிற அதே ஐடியாதான். விதை, உரம் எல்லாம் சேர்த்து வேலிக்கு மேலே ஒரு எறி. சாலை நடுவே இருந்த தடுப்புத் திட்டுகளில் சூரியகாந்தி விதைத்தார்கள்.

அப்புறம் பவரி தெருவும் ஹூஸ்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் ஒரு மனையைச் சுத்தம் செய்து தோட்டம் போட்டார்கள். 1974 ஏப்ரலில் நகராட்சி அதை அவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்தது. வாடகை மாதம் ஒரு டாலர்.

அங்கே 60 மேட்டுப்பாத்திகள் அமைத்தார்கள். ஏன் மேட்டுப்பாத்தி? அழகுக்காக இல்லை. இடிந்த பழைய கட்டடங்களின் பெயிண்ட்டில் ஈயம் இருந்தது, வண்டிப் புகையிலும் இருந்தது. அது மண்ணோடு கலந்துவிட்டது. அந்த மண்ணில் கீரை போட்டுக் குழந்தைக்குக் கொடுத்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். அதனால் பலகை அடித்து, வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து நிரப்பி, அதில்தான் விதைக்க வேண்டும். ஆக, இந்தத் தோட்டங்களில் நடந்த வகுப்புகள் உயிரோடு சம்பந்தப்பட்டவை. எந்த மண்ணைத் தொடக் கூடாது என்று தெரியாமல் ஒரு செடி வைக்க முடியாது.

இன்னொரு விஷயம். யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? கிரீன் கெரில்லாஸ் ஆட்கள் அதிகமும் நகரத்து ஆட்கள். பக்கத்தில் குடியிருந்தவர்களோ போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். அவர்களில் பலருக்கு விவசாயம் ஊரிலேயே பழக்கம். ஆனால் செங்கல் குப்பைமேல் விவசாயம் செய்து யாருக்கும் பழக்கமில்லை. அதனால் பவரி தோட்டத்தில் சோதனைப் பாத்திகள் போட்டு, இந்த மோசமான சூழலில் எது பிழைக்கிறது, எது சாகிறது என்று பார்த்தார்கள். தெரிந்ததைப் பயிலரங்கு வைத்து மற்ற தெருக்காரர்களுக்குச் சொன்னார்கள். கிறிஸ்டி வானொலியிலும் தோட்ட நிகழ்ச்சி நடத்தினார். அந்தக் காலத்துப் பாட்காஸ்ட்டர்னு வெச்சுக்கோங்களேன்! ஒரு தோட்டத்தின் அனுபவம் ஊருக்கே டாக்குமென்டேஷன் ஆனது.

இது பரவுவதைப் பார்த்து 1978-இல் நகராட்சியே 'கிரீன்தம்ப்' என்ற திட்டத்தை ஆரம்பித்தது. வருஷத்துக்கு ஒரு டாலர் குத்தகை. மண், மரப்பலகை, கருவிகள், கூடவே பயிற்சி. பிராங்க்ஸில் போர்ட்டோ ரிக்கோ மக்கள் தோட்டங்களுக்குள் 'கஸீட்டா' என்கிற சின்ன மரவீடு கட்டினார்கள். திண்ணை வைத்த, கலர் அடித்த வீடு. அங்கே டோமினோ ஆட்டம், பன்றி வறுவல், 'பொம்பா', 'ப்ளேனா' மேளம். பிள்ளைகள் அந்த மேளத்தைக் கற்றுக்கொண்டதே தோட்டத்தில்தான். அதுவும் வகுப்புதானே?

சரி, எல்லாம் நல்லபடியாகப் போகிறது. எங்கே சிக்கல்? நம்ம பாஷையில் சொன்னால், இது ஒரு ஃப்ரீ டியர். சேவை ஜம்மென்று ஓடும். ஆனால் விதிமுறைகளில் எங்கோ ஒரு வரி இருக்கும்: எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்வோம். நிலம் நகராட்சியுடையது. தோட்டக்காரர்களின் கையில் பட்டா கிடையாது. 1986 ஜனவரியில் அதன் அர்த்தம் தெரிந்தது. ஆடம் பர்ப்பிள் என்பவர் 1975 முதல் வட்டம் வட்டமாக விரித்து வளர்த்த 'கார்டன் ஆஃப் ஈடன்' தோட்டத்தைக் குடியிருப்புத் திட்டத்துக்காக இடித்துவிட்டார்கள்.

1990-களில் நகரம் மீண்டது. நிலத்தின் விலை ஏறியது. 1998-இல் மேயர் ரூடி ஜூலியானியின் நிர்வாகம் நூற்றுக்கணக்கான தோட்டங்களைப் பூங்காத் துறையிடமிருந்து வீட்டுவசதித் துறைக்கு மாற்றியது. 1999 மே மாதம் 114 தோட்டங்கள் ஏலத்துக்கு வந்தன. எதிர்த்தவர்களைப் பார்த்து மேயர், கம்யூனிசக் காலம் முடிந்துவிட்டது, இது சந்தைப் பொருளாதாரம் என்கிற தொனியில் பேசினார்.

தோட்டக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1998-இல் நகராட்சி நில ஏலம் நடந்த அரங்குக்குள் ஆயிரக்கணக்கான சில்வண்டுகளைத் திறந்துவிட்டார்கள். காய்கறி வேஷம், பூ வேஷம் போட்டு ஊர்வலம் போனார்கள். கடைசியில் 1999 ஏலத்துக்கு முந்தைய நாள் ஒரு உடன்பாடு வந்தது. 'டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட்' என்ற அமைப்பும், பாடகியும் நடிகையுமான பெட் மிட்லர் நிறுவிய 'நியூயார்க் ரெஸ்டொரேஷன் ப்ராஜெக்ட்'டும் சேர்ந்து சுமார் 42 லட்சம் டாலர் கொடுத்து அந்தத் தோட்டங்களை வாங்கின.

மீதி நூற்றுக்கணக்கான தோட்டங்கள் அந்தரத்தில் நின்றன. ஈஸ்ட் வில்லேஜில் 'எஸ்பெரான்ஸா' என்று ஒரு தோட்டம். 1977-இல் ஒரு போர்ட்டோ ரிக்கோ குடும்பம் குப்பைமேட்டிலிருந்து உருவாக்கியது. பேருக்கு அர்த்தம் நம்பிக்கை. அதைக் காக்க, போர்ட்டோ ரிக்கோவின் செல்லத் தவளையான 'கோக்கி'யின் ராட்சத உருவம் ஒன்றைக் கட்டி, குளிர்காலத்தில் அதற்குள்ளேயே படுத்துக் காவல் காத்தார்கள். 2000 பிப்ரவரி 15 அன்று போலீஸ் வந்து ஆட்களைக் கைது செய்தது. புல்டோசர் உள்ளே போனது. அதே நாளில்தான் மற்ற தோட்டங்களை இடிக்க நீதிமன்றம் தடை விதித்தது. எஸ்பெரான்ஸாவுக்கு அந்தத் தடை வந்து பயனில்லை.

இந்த வழக்கைத்தான் கவனிக்கணும். போட்டவர் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர். வாதம் என்ன? வருஷக்கணக்காகப் பொதுமக்கள் பூங்காவாகவே பயன்படுத்தி வந்ததால் இந்த இடங்கள் பூங்கா நிலமாகவே ஆகிவிட்டன. மாநில சட்டமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல், சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமல் விற்க முடியாது. ஒரு இடம் பொது இடம்தான் என்று எப்படிக் காட்டுவது? நாலு பேர் பூட்டிக்கொண்டு தக்காளி வளர்த்தால் அது அவர்களுடைய சொந்தக் கொல்லை. கேட் திறந்திருந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து, வகுப்பு நடந்து, தெருக்காரர்கள் சேர்ந்து வேலை செய்தால் அது பொது இடம். பட்டா இல்லாதவர்களுக்கு அந்த சனிக்கிழமை வகுப்புகள்தான் பட்டா.

2002-இல், மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க் காலத்தில், சமரசம் ஏற்பட்டது. ஏறக்குறைய 400 தோட்டங்கள் தப்பின. சுமார் 150 இடங்களில் கட்டடம் கட்டும் வழி நகராட்சிக்குக் கிடைத்தது.

மறுபக்கத்தையும் சொல்லணும். "வீடில்லாதவனுக்கு வீடு முக்கியமா, உங்களுக்கு வெண்டைக்காய் முக்கியமா?" என்ற கேள்வி நியாயமானது. அதே பகுதிகளில் ஏழைகள் வாடகை கட்ட முடியாமல் திணறினார்கள். ஆனால் அதிக விலை கேட்பவருக்கு ஏலம் விட்டால் அங்கே ஏழைக்கு வீடு வருமா என்பதும் கேள்விதான். இன்னொரு முரண் இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், தோட்டம் வந்த இடத்தைச் சுற்றி வீட்டு விலை ஏறுகிறது, ஏழைப் பகுதிகளில் இன்னும் அதிகமாக ஏறுகிறது என்று கண்டார்கள். அதாவது, தோட்டம் போட்டவர்களின் உழைப்பே நிலத்தின் விலையை ஏற்றுகிறது. அந்த விலை தோட்டத்தையும், அதைப் போட்டவர்களையுமே வெளியே தள்ளப் பார்க்கிறது. இதற்குச் சுலபமான பதில் இல்லை.

இன்றைக்கு கிரீன்தம்ப் தோட்டங்கள் பொதுமக்களுக்கு கேட்டைத் திறந்து வைப்பது ஒப்பந்த நிபந்தனை. பயிலரங்குகள் இலவசம். அவென்யூ சி-யில் 2012-இல் திறந்த 'மியூசியம் ஆஃப் ரீக்ளெய்ம்டு அர்பன் ஸ்பேஸ்' என்ற சிறிய அருங்காட்சியகம் இந்தத் தோட்டங்கள் வழியாக நடைப் பயணம் கூட்டிப்போகிறது. இடிந்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். பவரி மூலைத் தோட்டமும் இருக்கிறது. 1985-இல் கிறிஸ்டி இறந்தார், அடுத்த வருஷம் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

என்னைக் கேட்டால், இதில் பெரிய ஹீரோ விதைப்பந்து இல்லை. அதை எறிய ஒரு ராத்திரி போதும். அதன்பிறகு வாரம் தவறாமல் வந்து பூட்டைத் திறக்கிற ஒரு ஆள் வேண்டும். தனக்குத் தெரிந்ததைப் புதுசாக வந்தவருக்குச் சொல்லிக் கொடுக்கிற ஒரு ஆள் வேண்டும். சாவி ஒருத்தரிடம் மட்டும் இருந்தால், அவருக்கு வயதாகும்போது தோட்டத்துக்கும் வயதாகிவிடும். ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டில் வேலை பார்த்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

உங்கள் தெருவில், அப்பார்ட்மென்ட்டில், மொட்டை மாடியில் இப்படி ஒரு தோட்டம் நடக்கிறது என்றால், சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.