இரைச்சலைக் கடக்கும் சொல்

நாம் நாள்தோறும் கேட்கும் வானொலியில் ஒருவர் பேசுவார்; பலர் கேட்பர். அமெச்சூர் வானொலியோ இருவழிப்பட்டது. அரசின் உரிமம் பெற்றோர், ஊதியம் கருதாது, வானலைவழி ஒருவரோடொருவர் உரையாடுவதே அது. 'அமெச்சூர்' என்பதன் இலத்தீன் மூலச்சொல் 'அன்பு கொண்டவர்' எனப் பொருள்படும். அவ்வன்பு பேரிடரில் பொதுப்பணியானமையை ஈண்டு நோக்குவோம்.

1933ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க அமெச்சூர் வானொலிக் கழகம் 'களநாள்' என்னும் பயிற்சியைத் தொடங்கிற்று. ஆண்டுதோறும் ஜூன் மாத வார இறுதியொன்றில் வானொலி இயக்குநர்கள் திடல்களில் கூடாரமிடுகின்றனர். மரக்கிளைகளில் கம்பி கட்டி ஆண்டெனா அமைக்கின்றனர். மின்கலம், மின்னாக்கி ஆகியவற்றைக் கொண்டே நிலையத்தை இயக்குகின்றனர். பொதுமக்களும் அவர்தம் மேற்பார்வையில் பேசிப் பார்க்கலாம்.

அங்குக் கருவியினும் மொழியே நம் கருத்தை ஈர்க்கின்றது. ஆங்கிலத்தில் 'பி', 'டி', 'ஈ' என்னும் எழுத்துப்பெயர்கள் இரைச்சலில் மயங்கும். எனவே அவற்றைப் 'பிராவோ', 'டெல்ட்டா', 'எக்கோ' என்று உரைப்பர். வானூர்திப் போக்குவரத்துக்கென வகுக்கப்பட்ட இம்முறை 1956இல் நடைமுறைக்கு வந்தது. ஓரொலி அழியினும் சொல்லின் எஞ்சிய ஒலிகள் எழுத்தைக் காட்டிக்கொடுக்கும். நம் ஆசிரியர்கள் 'தந்நகரம், டண்ணகரம், றன்னகரம்' என்று பிரித்துரைப்பதும் இந்நுட்பமே அன்றோ?

இப்பழக்கத்தின் பயனை 2004ஆம் ஆண்டு டிசம்பர் உணர்த்திற்று. பாரதி பிரசாத் தலைமையில் இந்திய இயக்குநர் குழுவொன்று அந்தமானின் போர்ட் பிளேயரிலிருந்து உலகெங்கும் உள்ள இயக்குநர்களோடு உரையாடிக்கொண்டிருந்தது. அத்தீவுகளில் அமெச்சூர் வானொலி நெடுங்காலம் ஒலிக்காதிருந்தமையால் பலரும் அத்தொடர்பை நாடினர். 26ஆம் நாள் காலை நிலம் அதிர்ந்தது, ஆழிப்பேரலை எழுந்தது, தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. குழுவினர் பொழுதுபோக்கை நிறுத்தி அவசரச் செய்திகளை மேற்கொண்டனர். கார் நிக்கோபாரிலும் நிலையம் அமைந்தது. உயிர் பிழைத்தோரின் செய்திகள் பெருநிலத்து உறவினரை அடைந்தன. அவ்வேளையில் ஒரு பெயரை ஓரெழுத்தும் பிழையாது அனுப்புதல் ஒரு குடும்பத்தின் துயரைத் துடைத்தலாகும்.

கைத்தொலைபேசி இருக்க இது எதற்கு என்று மாணவர் வினவலாம். கோபுரம் சாய்ந்தால், மின்சாரம் நின்றால் கைத்தொலைபேசியும் ஊமையாகும். அலை வந்த பின்னர் எழுத்துமுறை கற்பிக்க இயலாது. களநாளை வேடிக்கை என்று எண்ணாது, மொழிப் பயிற்சி என்றே நாம் கொள்கின்றோம். வகுப்பறையிலும் ஒருவர் கூறிய செய்தியை மற்றவர் எழுதி, மீளப் படித்துச் சரிபார்க்கட்டும். அப்பயிற்சிக்கு உரிமம் வேண்டுவதில்லை.