தெருப் புகைப்படத்தில் மெதுவான ஷட்டர்

தெருவில் நடமாடும் ஜனங்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுக்குங்கால், ஷட்டரை 1/250 வினாடி போன்ற வேகத்தில் மூடாது, 1/15 வினாடி முதல் ஓரிரு வினாடி வரை திறந்து வைத்து, அசைவனவற்றைப் புகை போன்ற தடமாகவும் அசையாதனவற்றைத் தெளிந்த உருவமாகவும் ஒரே படத்தில் அமைப்பது இம்முறையாகும்.

தொடக்க வரலாறு: இது விருப்பத்தாற் பிறந்ததன்று, நிர்ப்பந்தத்தால் நேர்ந்தது. 1838-இல் பாரிஸ் நகரத்துப் பெருவீதி ஒன்றைப் புகைப்படக் கலையின் முன்னோடியான டாகேர் படமெடுத்தபோது, பல நிமிஷங்கள் ஒளி விழவேண்டியிருந்தமையால் வண்டிகளும் ஜனங்களும் பதியாதொழிய, காலணியைத் துடைப்பித்துக்கொண்டு நின்ற ஒருவனே தெளிவாகப் பதிந்தான். புகைப்படத்தில் இடம்பெற்ற முதல் மனிதன் அவனே என்பர்.

தமிழ்நாட்டில் இதன் பூர்வாங்கத்தை, சென்னை ராஜதானிச் சேனையின் அதிகாரியாயிருந்து 1856-இல் அரசாங்கப் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற லின்னேயஸ் டிரைப் (1822-1902) என்பாரின் படங்களிற் காண்கிறோம். ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய ஊர்களில் அவர் 1857-58-இல் எடுத்த படங்கள் தொகுதிகளாக வெளிவந்தன. மதுரை விளக்குத்தூணும் திருமலை நாயக்கர் மகாலும் அவற்றுள் அடங்கும். அவர் கையாண்ட மெழுகிட்ட காகித நெகட்டிவ் ஒளியை மிக மந்தமாகவே ஏற்குமாதலின், குறுக்கே நடந்தவர் சுவடின்றி மறைய, ஜன நெருக்கம் மிக்க ஊர்களும் அவர் படங்களில் பெரும்பாலும் ஆளரவமற்றுத் தோன்றுகின்றன. அக்காலத்து ரசாயனம் நீல ஒளியை மிகையாக ஏற்று வானத்தை வெறும் வெண்மையாக்கிவிட்டபடியால், நெகட்டிவின்மீது மேகங்களைத் தம் கையாலேயே தீட்டிச் சேர்த்த அவருடைய சிரத்தை வியக்கத்தக்கது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிசையை இருபத்தொரு படங்களை ஒட்டி ஒரே நீள்படமாக்கியதும் அவரே. சென்னை ஆளுநர் டிரெவெலியன் செலவைக் கருதி இப்பணியை நிறுத்தியது கலைக்கு நேர்ந்த பெருநஷ்டமாகும்.

கலைமுறையாதல்: வேகமான பிலிம் வந்தபின் இக்குறை தேர்ந்துகொள்ளும் உத்தியாயிற்று. ருஷ்ய நாட்டுப் புகைப்படக் கலைஞர் அலெக்சி டிட்டரென்கோ, 1992-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சுரங்க ரயில் நிலையப் படிகளில் ஏறும் கூட்டத்தை, கைப்பிடியைப் பற்றிய கரங்கள் மட்டும் தங்கிய ஒரே நிழற்பெருக்காக்கினார். இந்தியாவில் இதன் சிகரம், புகைப்படக் கலைஞர் ரகு ராய் 1995-இல் மும்பை சர்ச்கேட் நிலையத்தில் எடுத்த படம்; செய்தித்தாள் படிப்போர் அசையாதிருக்க, அவர்களைச் சுற்றி ஜனத்திரள் வெள்ளமாய்க் கரைகிறது. உறுதியாக நிற்கும் பொருள் ஒன்றேனும் இல்லாத படம் வெறுங்கலங்கலேயன்றிக் கலையாகாது.

செய்முறை: நடப்பவர் வினாடிக்குச் சுமார் 1.4 மீட்டர் கடப்பாராதலின், 1/4 வினாடியில் 35 சென்டிமீட்டர் நகர்ந்து, ஆளென்று அறியப்படும் அளவிலேயே கலைவார். ஒரு வினாடியாயின் உருவம் அநேகமாகக் கரைந்துவிடும். மறைமலை நகரில் ஜி.எஸ்.டி. சாலையோரம் கம்பெனிப் பேருந்துக்குக் காத்துநிற்கும் ஷிப்ட் தொழிலாளியைத் தெளிவாகவும், கடந்தோடும் வாகனங்களைத் தடமாகவும் அமைக்க விழைபவர், மாலை மங்கலிலோ இரவு விளக்கொளியிலோ முக்காலியிட்டு எடுத்தல் எளிது. நண்பகல் வெயிலிலோ, ஐ.எஸ்.ஓ. 100-இல் லென்ஸின் துவாரத்தை எஃப் 16-க்குச் சுருக்கினும் 1/100 வினாடியே கிடைக்குமாதலின், ஒளியை 64-இல் ஒரு பங்காக்கும் என்.டி. ஃபில்டர் பொருத்தி அதனை அரை வினாடிக்குச் சற்று மேலாக நீட்டலாம். பிலிமில் ஒரு வினாடிக்கு மேற்பட்டால் அதன் உணர்திறன் குன்றுமாதலின், கணக்கிட்டதினும் கூடுதல் நேரம் தருதல் வேண்டும். பயில்வோர் பலர் மறப்பது இதுவே.

இன்று டிஜிட்டல் காமிராக்களிலும், பல படங்களை ஒன்றாக்கும் கைப்பேசிகளிலும் இம்முறை வழங்குகிறது. பிலிமைப் பொறுத்தமட்டில், கறுப்பு வெள்ளைப் பிலிம் செய்துவந்த உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை மூடப்பட்டுவிட்டது.