ஓவன் தட்டும் வடச்சட்டியும்

ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். ஆற்றுக்கு அந்தக் கரை நாமக்கல் மாவட்டம். அந்த ஊர்ப் பெயரில் ஒரு கோழி வறுவல் இன்று தமிழ்நாடு முழுக்க ஓட்டல் பலகைகளில் இருக்கிறது. கோழி, சின்ன வெங்காயம், விதை உதிர்த்த வரமிளகாய், பூண்டு, தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, எண்ணெய், அவ்வளவுதான் சாமான். மசாலாத்தூள் இல்லை, தக்காளி இல்லை, அரைக்கிற வேலையும் இல்லை. ஒரே வடச்சட்டியில் தொடங்கி அதிலேயே இறங்கிவிடுகிறது. (ஓட்டல்கள் சோம்பு, மிளகாய்த்தூள் என்று சேர்த்துக்கொள்வது வேறு கதை.)

இன்னொரு பக்கம், கோழிக் காலையும் காய்களையும் ஒரே தட்டில் பரப்பி ஓவனில் சுட்டெடுக்கும் சாப்பாடு. இங்கிலாந்தில் அதை ட்ரேபேக் என்கிறார்கள், அமெரிக்காவில் ஷீட் பேன் டின்னர். வேலைக்குப் போய்வந்த களைப்பில் சமைக்கிறவர்களுக்காக உருவான முறை. கேக் சுடுவதற்கென்று வாங்கி, இரண்டு பிறந்தநாளுக்குப் பிறகு பரணுக்குப் போன ஓ.டி.ஜி. அடுப்புகள் நம் வீடுகளில் இதற்காகத்தான் மறுபடி கீழே இறங்குகின்றன. வரும்போதே ‘ஆரோக்கியமான’ என்ற பட்டத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. வறுவல் என்றால் கெடுதல், ஓவன் என்றால் நல்லது என்று பாதிப்பேர் முடிவுகட்டிவிட்டார்கள். இரண்டும் ஒரே பாத்திரச் சமையல்தான், இரண்டிலும் கோழிதான். எதில் என்ன கூடுகிறது, என்ன குறைகிறது என்று பார்த்துவிடலாம்.

முதலில் எண்ணெய்க் கணக்கு, ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் ஏமாறுகிறார்கள். எலும்பு நீங்கலாக அரைக் கிலோ கறி என்று வைத்துக்கொள்வோம். வடச்சட்டிக்கு நாலு மேசைக்கரண்டி எண்ணெய் தாராளம். ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 14 கிராம் என்றால் எண்ணெய் மட்டும் 55 கிராம். தேங்காய்ச் சில்லு 50 கிராமில் இன்னொரு 16, 17 கிராம் கொழுப்பு. தோலுரித்த தொடைக்கறியில் 100 கிராமுக்கு 5 கிராம் என்று வைத்தால் அதில் ஒரு 25. ஆக மொத்தம் நூறுக்குக் கொஞ்சம் குறைவு. ஓவன் தட்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் போதும், 28 கிராம். ஆனால் வெளிநாட்டுச் செய்முறைகள் பெரும்பாலும் தோலோடுதான் வைக்கச் சொல்லும். தோலோடு இருக்கும் தொடைக்கறியில் 100 கிராமுக்கு 16 கிராம் வரை கொழுப்பு. அரைக் கிலோவுக்கு 80. எண்ணெயையும் சேர்த்தால் நூறைத் தாண்டிவிடுகிறது!

அந்தக் கொழுப்பு உருகி வடிந்துவிடுமே என்பார்கள். வடியத்தான் செய்கிறது. ஆனால் கீழே இருப்பது உருளைக்கிழங்கும் காரட்டும். அவை குடித்துவிட்டு நம் தட்டுக்கு வருகின்றன. தட்டில் சுட்ட காய் அவ்வளவு ருசிக்கக் காரணமும் அதுதான். தோலை உரித்துவிட்டால் ஓவன் தட்டின் மொத்தக் கொழுப்பு பாதியாகிவிடும். அப்போதுதான் ‘எண்ணெய் குறைவு’ என்ற பேச்சுக்கு அர்த்தம் வரும். நம் ஊர்க் கறிக்கடையில் தோலோடு வாங்கினால் கிலோவுக்கு விலை குறைவு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சபலம் அங்கேயும் இருக்கிறது.

அடுத்தது சூடு. ருசி வித்தியாசம் முழுக்க இங்கேதான் பிறக்கிறது. கறி சிவந்து வாசம் வருவதற்குப் பின்னால் ஒரு வேதிவினை இருக்கிறது. புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நடத்துகிற வேலை அது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி-கமீல் மையார் 1912இல் அதை விவரித்தார். 140 டிகிரியை ஒட்டித்தான் அது வேகம் பிடிக்கும். தண்ணீரோ 100 டிகிரியில் நின்றுவிடும். ஈரம் போகாமல் சிவப்பு வராது என்பது இரண்டு சமையலுக்கும் பொதுவான சட்டம். அந்த ஈரத்தை எப்படிப் போக்குகிறோம் என்பதில்தான் வழி பிரிகிறது.

வடச்சட்டி அதை இரண்டு கட்டமாகச் செய்கிறது. வெங்காயமும் மிளகாயும் வதங்கியதும் கறியைப் போட்டுக் கிளறி மூடிவிட்டால், கறியும் வெங்காயமும் விடுகிற தண்ணீரிலேயே வெந்துகொள்ளும். தேவைப்பட்டால் ஒரு கை தண்ணீர் தெளிப்பார்கள். அப்போது அடியில் கேட்பது கொதிக்கிற சத்தம், தளதளவென்று. மூடியை எடுத்துத் தேங்காய்ச் சில்லைப் போட்டுத் தீயைக் கூட்டினால் சத்தம் மாறும். தண்ணீர் வற்ற வற்றத் தளதளப்பு அடங்கி, சடசடவென்று எண்ணெய் பேச ஆரம்பிக்கும். அந்த மாற்றத்துக்குப் பிறகு ஐந்தாறு நிமிடம் கரண்டியைக் கையை விட்டு வைக்கக் கூடாது. வெங்காயம் கரைந்து கறித் துண்டுகளைச் சுற்றி ஒட்டிக்கொள்கிற நேரம் அது. ஓரத்தில் பிடித்ததைச் சுரண்டிச் சுரண்டிக் கறியோடு சேர்க்க வேண்டும். பிடித்த அந்தப் பழுப்பில்தான் பள்ளிபாளையத்தின் பெயரே நிற்கிறது. அகலமான, கனமான இரும்புச் சட்டி வேண்டும் என்று கொங்கு நாட்டுச் சமையல்காரர்கள் அடம் பிடிப்பது இதனால்தான்.

ஓவனில் மூடி கிடையாது. 200 முதல் 220 டிகிரி வரை உலர்ந்த காற்று சுற்றிலும் தாக்குகிறது. மேல்பக்கம் தானே காய்ந்து தானே சிவக்கும். கிளறல் இல்லை, சத்தம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சுகத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: தட்டில் இடம் விட வேண்டும். ஓ.டி.ஜி.யோடு வரும் தட்டு சின்னது. அதில் ஒரு கிலோ காயையும் முழுக்கோழியையும் குவித்தால் உள்ளே எழும் ஆவி வெளியேற வழியில்லாமல் எல்லாம் அவிந்துபோகும். தட்டின் அடியில் கலங்கலாகத் தண்ணீர், மேலே வெளிறிய கறி. செய்முறையைக் குற்றம் சொல்வார்கள். குற்றம் குவியலில். துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி, ஒரே அடுக்கு என்று வைத்தால்தான் அது சுட்ட கறி. நாலு பேருக்கு மேல் என்றால் வீட்டு ஓ.டி.ஜி. தாங்காது என்பதை ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. சட்டியைப் பெரிதாக்கிக்கொண்டு போகலாம், ஓவனைப் பெரிதாக்க முடியாது.

துண்டு போடுவதிலும் இரண்டும் நேர் எதிர். வடச்சட்டிக்குச் சின்னத் துண்டு வேண்டும், வெங்காயமும் காரமும் எல்லாப் பக்கமும் பிடிக்க. கடைக்காரர் வழக்கமாகப் போடும் குழம்புத் துண்டைவிடவும் சின்னது. அதே துண்டை ஓவனில் வைத்தால் காய் வேகும் முன் கறி சுக்காகக் காய்ந்துவிடும். அங்கே முழுக்கால் வேண்டும், எலும்போடு. 35 முதல் 45 நிமிடத்தில் காலும் கிழங்கும் ஒன்றாகப் பக்குவத்துக்கு வரும். கோழியின் உட்புறச் சூடு 74 டிகிரியைத் தொட்டால் பாதுகாப்பு என்பது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் அளவு. தொடைக்கறி அதற்கு மேலே 80ஐத் தாண்டினால்தான் எலும்பை விட்டு மெத்தென்று பிரியும். நெஞ்சுக்கறி 74ஐத் தாண்டிய சிறிது நேரத்திலேயே நார்நாராகிவிடும். ஆகவே தட்டுக்கு நெஞ்சுக்கறி வேண்டாம் என்பது என் தீர்ப்பு. கொழுப்புக் குறைவு என்று அதை வாங்கி, வறண்டுபோனதால் மயோனைசில் தொட்டுத் தின்பதில் என்ன லாபம்?

கோழியின் வயதையும் பார்க்க வேண்டும். பிராய்லர் ஏறக்குறைய ஆறு வாரத்தில் கடைக்கு வந்துவிடும் குஞ்சு. அதன் கறியில் நார் முற்றியிருக்காது. உலர்ந்த சூடு அதற்குப் போதும். மாதக்கணக்கில் தோட்டத்தில் ஓடித் திரிந்த நாட்டுக்கோழிக்கு அது போதாது. அதன் இணைப்புத் திசு கரைய ஈரமும் நேரமும் வேண்டும். மூடி போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து, முக்கால் மணி நேரமோ அதற்கு மேலோ வேக வைத்தால்தான் இளகும். நாட்டுக்கோழியை ஓவன் தட்டில் வைத்தால் செருப்புத் தோல்தான் கிடைக்கும். ஐரோப்பியச் சமையலிலும் இளங்கோழியைச் சுடுவார்கள், கிழட்டுச் சேவலை மூடிய பாத்திரத்தில் திராட்சை மதுவோடு வேக வைப்பார்கள். ஓவன் தட்டு என்பது பிராய்லர் காலத்துச் சமையல். வடச்சட்டி இரண்டு கோழிக்கும் வளைந்துகொடுக்கும்.

இவ்வளவு தூரம் வடச்சட்டி தோற்கவில்லை. காய்கறி என்று வரும்போது தோற்கிறது. பள்ளிபாளையத்தில் இருக்கும் ஒரே காய் சின்ன வெங்காயம். கால் கிலோ போட்டாலும் நாலு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 60 கிராம், அதுவும் வதங்கிக் கறியில் மறைந்துவிடும். ஒருவர் நாளொன்றுக்குக் காயும் பழமுமாக 400 கிராமாவது சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓவன் தட்டில் 800 கிராம் காய் பரப்பினால், ஒரே வேளையில் அந்தக் கணக்கில் பாதி தீர்ந்துவிடும். அதுவும் வலிந்து தின்கிற பாதி இல்லை. ஓரம் கருகிய காலிபிளவரைக் குழந்தைகள் கறிக்கு முன்னால் காலி செய்வார்கள். காரட், பரங்கி, சர்க்கரைவள்ளியில் இருக்கும் கரோட்டின் கொஞ்சம் எண்ணெயோடு வெந்தால் உடம்பில் நன்றாகச் சேரும். வைட்டமின் சி இரண்டு சமையலிலும் ஓரளவு போகத்தான் செய்யும்.

எந்தக் காயையும் போட்டுவிட முடியாது என்பது உண்மை. சுரை, புடலை, பீர்க்கன் எல்லாம் தண்ணீர்க் காய்கள், தட்டில் துவண்டு கிடக்கும். வெண்டைக்காய்க்கு ஓவன் பிரமாதம், கொழகொழப்பே இருக்காது. கத்தரிக்காயும் பரங்கியும் நன்றாக வரும். சேனையை உப்பும் மஞ்சளும் போட்டு அரை வேக்காடு எடுத்துவிட்டு வைக்க வேண்டும். கிழங்கும் காரட்டும் கோழியோடு முதலிலேயே போகலாம். காலிபிளவர், குடைமிளகாய், வெண்டை பாதி நேரம் கழித்துத்தான். கறிவேப்பிலையும் கடைசிப் பத்து நிமிடத்துக்கு. பூண்டைத் தட்டாமல் தோலோடு முழுப் பல்லாகப் போடுங்கள், தட்டிய பூண்டு அந்தச் சூட்டில் கருகிக் கசக்கும். உருளைக்கிழங்கு பொன்னிறத்தோடு நிற்கட்டும். மாவுச்சத்துள்ள பண்டத்தை 120 டிகிரிக்கு மேல் அதிகம் சிவக்க விட்டால் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் கூடுகிறது என்று 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள்.

வடச்சட்டிக்காரர் இங்கே ஒன்று கேட்கலாம்: ‘எங்கள் வறுவல் தொடுகறிதானே, காய்க்குப் பொரியல் தனியாக இருக்கிறதே?’ நியாயமான கேள்வி. ரசச் சோறும், ஒரு கீரைக் கடைசலும், ஓரத்தில் நாலு துண்டு பள்ளிபாளையமும் என்றால் அது ஓவன் தட்டுக்கு எந்த விதத்திலும் குறைந்த சாப்பாடு இல்லை. ஆளுக்கு அரைக்கிண்ணம் கறிதான் செல்லும், எண்ணெயும் அந்த அளவோடு நிற்கும். சிக்கல் என்னவென்றால் அதற்கு நாலு பாத்திரம் ஏற வேண்டும். ஒரே பாத்திரத்தில் முழுச்சாப்பாட்டையும் முடித்துவிடுவதாகச் சொல்வது ஓவன் தட்டுதான். அதுவும் நம் வீடுகளில் எவ்வளவு தூரம் நிற்கிறது? ‘எல்லாம் சரி, சோறு எங்கே?’ என்று ஒரு குரல் வந்துவிட்டால் குக்கர் ஏறும், பின்னாலேயே ரசம் ஏறும். தட்டில் கிழங்கு இருக்கிறது, சோறு வேண்டாம் என்று வீடு ஒப்புக்கொண்டால் மட்டுமே அது ஒரு பாத்திரச் சமையல்.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஓ.டி.ஜி. காய்வதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம், பிறகு முக்கால் மணி நேரம் என்றால் ஒரு யூனிட்டை ஒட்டி மின்சாரம் ஓடும். உழைப்பில் வித்தியாசம் உண்டு. சின்ன வெங்காயம் உரிப்பதிலிருந்து கடைசிச் சுரண்டல் வரை வடச்சட்டி ஒரு மணி நேரம் ஆளைக் கட்டிப்போடும். ஓவன் தட்டு பதினைந்து நிமிட அரிதலோடு விட்டுவிடும். மீதி நேரத்தில் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கலாம், குளித்துவிட்டு வரலாம். வீட்டில் சமைப்பவர் ஒருவரே என்றால் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆரோக்கியம்.

எனவே வேலைநாள் இரவுக்கு ஓவன் தட்டையே சொல்வேன், எண்ணெய்க்காக இல்லை, காய்க்காக. ஞாயிற்றுக்கிழமை, நாட்டுக்கோழி, விருந்தாளி என்றால் வடச்சட்டியை விட்டு நகராதீர்கள். தட்டு வைப்பதாக இருந்தால் கடையிலேயே சொல்லி வாங்குங்கள்: முழுக்கால் நாலு, தோலுரித்து, மூட்டுப் பக்கம் ஆழமாக ஒரு கீறல். வீட்டுக்கு வந்ததும் கெட்டித்தயிர், மஞ்சள், மிளகுத்தூள், உப்பு பூசி அரை மணி நேரம் ஊறட்டும். தோல் இல்லாத குறையைத் தயிர்ப் பூச்சு பார்த்துக்கொள்ளும். தட்டில் மூன்றில் இரண்டு பங்கு காய்க்கு விட்டுவிட்டு, மீதியில் கோழியை வையுங்கள்.