மூளை இரத்தக்கட்டியின் மறைகாரணம் தேடல்: ஊவா தோட்டப்புறம்

உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல் எதுவும் இல்லாத இளவயதினரின் மூளையில் இரத்தம் உறைந்து நாடியையோ நாளத்தையோ அடைத்தால், அதன் மூலத்தை அறிய வைத்தியர்கள் செய்யும் விசாரணையே மறைகாரணத் தேடல். மரபணுச் சோதனையே இதன் உச்சம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. பசறை, லுணுகலை, அப்புத்தளைத் தோட்டங்களில் தேடல் தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல. நோயாளியிடம் கேட்கும் கேள்விகளும் எளிய இரத்தப் பரிசோதனையுமே. மூளை நாள உறைவுக்குள்ளான 624 பேரைப் பல நாடுகளில் பின்தொடர்ந்து 2004இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 13 வீதத்தினருக்கே காரணம் எதுவும் புலப்படவில்லை. 44 வீதத்தினருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருந்தன. ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்துவது தவறு என்பதற்கு இதுவே சான்று.

முதலில் கேட்க வேண்டியது அண்மைய பிரசவம் பற்றி. பிள்ளை பெற்ற முதல் ஆறு வாரங்களில் இரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடியிருக்கும். அதோடு இரத்தசோகையும், பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பதும் சேர்ந்தால் ஆபத்து பெருகும். இந்தியாவிலிருந்து 1983இல் வெளியான ஓர் ஆய்வு, கர்ப்பகாலத்திலும் பிரசவத்தின் பின்னும் மூளைக் குருதிக்குழாய் அடைபட்ட 135 பெண்களை விவரித்தது. படுத்தால் கூடும் தலைவலி, வாந்தி, வலிப்பு என வரும் தாய்க்குச் சாதாரண சிடி ஸ்கேனில் எதுவும் தெரியாமலும் போகலாம். நாளங்களைக் காட்டும் ஸ்கேன் வேண்டும். கருத்தடை மாத்திரை, சீழ் வடியும் காது, வயிற்றோட்டம் ஆகியவற்றையும் கேட்டறிய வேண்டும். அடைபட்டது நாடியானால் இதயத்தைப் பார்க்க வேண்டும். நெரிசலான லயன் அறைகளில் தொண்டைப்புண் எளிதில் பரவும். அது சிறுவயதில் வாதக் காய்ச்சலாக மாறி இதய வால்வைச் சுருக்கினால், பல ஆண்டுகள் கழித்து அங்கிருந்தே கட்டி மூளைக்குப் போகலாம். ஈசிஜியும் எக்கோவும் இதைக் காட்டும்.

ஏழைக்கு மலிவான சோதனை போதும் என்பதா இது, என்று கேட்கலாம். இல்லை, வரிசையைப் பற்றியதே இந்த வாதம். ஐரோப்பியரில் சுமார் 5 வீதத்தினரிடமுள்ள ‘பக்டர் ஃபைவ் லைடன்’ என்ற மரபணு மாற்றம் தெற்காசியரில் அரிது. கண்டறிந்தாலும் சிகிச்சை பெரும்பாலும் மாறாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் புரதம் சி, எஸ் சோதனைகளிலும் கவனம் வேண்டும். கர்ப்பகாலத்தில் புரதம் எஸ் தானாகவே குறையும். வார்ஃபரின் மருந்து இரண்டையும் குறைக்கும். அவ்வேளையில் பார்த்த முடிவு, இல்லாத பரம்பரை நோயைக் குடும்பத்தின் தலையில் கட்டிவிடும். மாறாக, இரத்தம் உறையத் தூண்டும் ஆன்டிபொஸ்போலிப்பிட் நோய் மருந்துத் தெரிவையே மாற்றுவதால் அதைத் தேடியே ஆக வேண்டும். 12 வாரம் கழித்து மீண்டும் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு, இரத்தம் உறையத் தூண்டும் இன்னொரு நோயான செங்குருதியணு மிகைநோயை மறைத்துவிடக்கூடும் என்பதால், சந்தேகம் இருப்பின் 2005இல் அறியப்பட்ட ஜேஏகே2 மரபணு மாற்றத்துக்கான சோதனையும் தேவை.

தேடல் கேள்விகளிலிருந்தே தொடங்குவதால், பதுளை வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் ஒவ்வொருவரும் கிளினிக் கொப்பியையும், குடிக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.