யானை வாங்கினோம், அங்குசம்? - இரட்டை கிராஃபிக்ஸ் கார்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும்

கம்ப்யூட்டர் வாங்கப் போகும் நம்மவர்கள் பிராசசர் என்ன, ராம் எவ்வளவு, கிராஃபிக்ஸ் கார்டு எது என்று துருவித் துருவிக் கேட்பார்கள். எஸ்.எம்.பி.எஸ்.? அது கேபினெட்டோடு சும்மா வருமே! இந்த "சும்மா வருமே" எப்படி ஆபத்தாக மாறியது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1998-ல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வூடூ2 கார்டை வெளியிட்டது. இரண்டு வூடூ2 வாங்கி ஒரு சிறிய கேபிளால் இணைத்தால், திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒரு கார்டும் இரட்டைப்படை வரிகளை இன்னொன்றும் வரையும். ஒரு கார்டில் 800x600 வரைதான். இரண்டு இருந்தால் 1024x768. இதற்கு அவர்கள் வைத்த பெயர் எஸ்.எல்.ஐ. இரண்டு கார்டும் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தை மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொண்டன. எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

2000-ல் வந்த வூடூ5 5500-க்கு ஸ்லாட் போதவில்லை. ஹார்ட் டிஸ்குக்குப் போகும் நாலு பின் கேபிளை கார்டிலும் செருக வேண்டியிருந்தது. அதே வருடம் பென்டியம் 4 வந்தது. பிராசசருக்கென்று தனியாக 12 வோல்ட் கேபிள் கேட்டது. அதுவரை கம்ப்யூட்டருக்குள் முக்கிய வேலையெல்லாம் 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும்தான் பார்த்தன. 12 வோல்ட் பெரும்பாலும் விசிறிக்கும் டிஸ்க் மோட்டாருக்கும். ராஜ்ஜியம் கை மாறியது இங்கேதான்.

அந்த வருடக் கடைசியில் என்விடியா 3டிஎஃப்எக்ஸின் சொத்துகளை வாங்கியது. 2004-ல் ஜீஃபோர்ஸ் 6800 வரிசையோடு எஸ்.எல்.ஐ. என்ற பெயரை, வேறு விரிவாக்கத்தோடு, மீண்டும் கொண்டுவந்தது. 2005-ல் ஏ.டி.ஐ.யின் கிராஸ்ஃபயர் போட்டிக்கு வந்தது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தருவது 75 வாட். ஆறு பின் கேபிள் இன்னொரு 75. எட்டு பின் கேபிள் 150. கார்டுகள் எல்லாவற்றையும் கேட்கத் தொடங்கின. 2010-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 480 ஒன்றுக்கே 250 வாட்!

நான் புனேயில் குடியிருக்கும் அடுக்ககத்தில் ஒரு நெல்லைக்காரர் இருக்கிறார். பையன் பொறியியல் சேர்ந்ததற்குப் பரிசாக இரண்டு கார்டு போட்ட கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். கடைக்காரர் கேபினெட்டோடு வந்த "500 வாட்" எஸ்.எம்.பி.எஸ்.ஸையே மாட்டி அனுப்பிவிட்டார். மூன்றாம் வாரம் டப்பென்று ஒரு சத்தம், தீய்ந்த வாடை. எஸ்.எம்.பி.எஸ். தனியாகப் போகவில்லை, மதர்போர்டையும் ஒரு கார்டையும் கூட்டிக்கொண்டு போனது. "யானை வாங்கத் தெரிந்தவனுக்கு அங்குசம் வாங்கத் தெரியலையே, தம்பி" என்றார். ஏறக்குறைய ஒரு செமஸ்டர் ஃபீஸ் போச்சு.

அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸின் லேபிளைப் பார்த்தேன். 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர் என்றிருந்தது. பெருக்கினால் 192 வாட். மீதி 300 சொச்சம் யாருக்கும் பயன்படாத 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கிடந்தது. பெட்டி மேல் போட்ட எண் பொய்யில்லை; நமக்கு வேண்டிய உண்மை அதில் இல்லை, அவ்வளவுதான்.

கணக்கு ரொம்ப சுலபம். இரண்டு ஜி.டி.எக்ஸ். 480-க்கு 500 வாட். அந்தக் காலத்து கோர் ஐ7 பிராசசருக்கு 130. மற்றதற்கு 70. மொத்தம் 700. 12-ஆல் வகுத்தால் சுமார் 58 ஆம்பியர். கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்து, 12 வோல்ட்டில் 70 ஆம்பியராவது தருகிற 850 வாட் எஸ்.எம்.பி.எஸ். பார்க்க வேண்டும். இரண்டு கார்டுக்கும் தேவையான கேபிள்கள் அதிலேயே இருக்க வேண்டும். மாற்று இணைப்பி போட்டு ஒட்டுப்போடுவது வேண்டாம்.

2004-ல் வந்த 80 பிளஸ் சான்றிதழையும் கவனியுங்கள். 700 வாட் கொடுக்க, 70 சதவீதத் திறனுள்ளது சுவரிலிருந்து 1000 வாட் இழுக்கும்; 85 சதவீதத் திறனுள்ளது சுமார் 825. முழுச் சுமையில் தினம் நாலு மணி நேரம் ஓடினால் மாதம் 20 யூனிட் வித்தியாசம். இன்னொன்று: வீட்டில் இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பொதுவாக 360 வாட்தான் தாங்கும். கரண்ட் போன நொடியில் அதுவும் சேர்ந்து படுத்துவிடும்.

விளையாட்டுக்கு இரண்டு கார்டு என்ற கதை முடிந்துவிட்டது. 2021 ஜனவரியிலிருந்து என்விடியா புதிய எஸ்.எல்.ஐ. டிரைவர் புரொஃபைல்கள் சேர்ப்பதை நிறுத்தியது. 2022-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090-ல் இணைக்கும் வசதியே இல்லை. ஆனால் அது ஒன்றே 450 வாட் கேட்கிறது. கணப்பொழுதில் எகிறும் மின்தேவையைத் தாங்கவே அதே வருடம் ஏ.டி.எக்ஸ். 3.0 விதிமுறை வந்தது.

இப்போது ஏ.ஐ. மாடல்களை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்க, பிள்ளைகள் மறுபடி இரண்டு கார்டு கேட்கிறார்கள். ஆர்.டி.எக்ஸ். 3090 இரண்டு என்றால் கார்டுகளுக்கு மட்டுமே 700 வாட். கேட்டால் வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை. கடைக்குப் போகும்போது எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திருப்பி லேபிளில் 12 வோல்ட் வரியைப் படியுங்கள். படிக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.